பறங்கிப்புண்ணுக்கு மருந்து கண்ட பவுல் ஏர்லிக்

யூரோ வருவதற்கு முன்னர் ஜேர்மனியில் வாழ்ந்த நம்மவர்கள் இருநூறு மார்க் தாளை மறந்திருக்கமாட்டார்கள். 1990 ஆம் ஆண்டு முதல் 2001 ஆம் ஆண்டின் இறுதிவரை புழங்கிய அந்தச் செம்மஞ்சள் நிறத் தாளின் ஒரு புறத்தில் மூக்குக்கண்ணாடியும் குறுந்தாடியுமாக ஒரு மனிதரின் முகம் இருந்தது. மறுபுறத்தில் ஒரு நுணுக்குக்காட்டி. சீட்டுக்காசாகவும் ஊருக்கு அனுப்பும் உண்டியற் காசாகவும் அந்த முகம் நம்மவர் கைகளில் எத்தனையோ முறை மாறியிருக்கும். நாம் நாடு நீங்கி இங்கு வந்து சேர்ந்தபோது மார்க் வழக்கொழிந்துவிட்டது. நமக்கு முன்னே வந்த நண்பர் ஒருவர், ஞாபகத்துக்கென ஒரு தாளைப் புகைப்படத் தொகுப்புக்குள் செருகி வைத்திருந்தார். அதில் இருப்பவர் யாரென்று கேட்டோம். யாரோ விஞ்ஞானி என்பதற்கு மேல் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த விஞ்ஞானியின் பெயர் பவுல் ஏர்லிக். நம் வீடுகளில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத ஒரு நோய்க்கு, நானூறு ஆண்டுகளின் பின் முதன்முதலாக உண்மையான மருந்தொன்றைக் கண்டவர் அவர்.

அந்த நோயை மேலைநாட்டார் சிபிலிஸ் என்பர். தமிழில் அதற்கு வழங்கிய பெயர்களுள் ஒன்று பறங்கிப்புண். இப்பெயரிலேயே ஒரு வரலாறு உண்டு. 1495 ஆம் ஆண்டளவில், பிரெஞ்சு மன்னன் எட்டாம் சார்ல்ஸ் நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றிய காலத்தில், அவனுடைய படைகளிடையே இந்நோய் பெருங்கொள்ளையாக வெடித்தது. இத்தாலியர் இதைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். ரஷ்யர் போலந்தின் மீது பழி போட்டனர். போர்த்துக்கேயர் கப்பலேறி நமது கரைகளுக்கு வந்த பின்னர் இது பறங்கியர் தந்த நோயாயிற்று. சித்த வைத்தியர் இதற்குக் கொடுத்த வேரும் பறங்கிப்பட்டை என்றே பெயர் பெற்றது. எந்த நாட்டிலும் இந்நோய் அயலான் கொண்டுவந்ததாகவே இருந்திருக்கிறது. இன்று அயலான் என்ற இடத்தில் நிற்கும் நமக்கு இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

ஏர்லிக் 1854 மார்ச் 14 ஆம் நாள் சிலேசியாவின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்திற் பிறந்தார். அன்று பிரஷ்ய நாட்டுக்குரியதாயிருந்த அவ்வூர் இன்று போலந்தில் இருக்கிறது. தந்தை மதுவகை வடித்து விற்பவர், விடுதி நடத்தியவர். பள்ளிப் படிப்பு பிரெஸ்லவு நகரில். அங்கே அவருடன் ஒரே பள்ளியிற் பயின்ற மாணவன் ஒருவனின் பெயர் அல்பேர்ட் நைஸர். இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும். சற்றுப் பின்னர் இவரிடம் திரும்புவோம்.

தாயின் வழியில் உறவினரான கார்ல் வைகேர்ட் ஒரு நோயியல் அறிஞர். நுணுக்குக்காட்டியின் கீழ் வைக்கும் உடற்றுணுக்குகளைப் புதிதாக வந்த செயற்கைச் சாயங்களால் நிறமூட்டும் முறையை ஏர்லிக் அவரிடமே முதலிற் கண்டார். அதன் பின் வாழ்நாள் முழுவதும் சாயம் அவரை விடவில்லை. கைவிரல்களிலும் மேசையிலும் சட்டையிலும் நீலமும் சிவப்பும் மஞ்சளுமாக மாணவர் காலத்தைக் கழித்தார். 1878 இல் லைப்சிக்கில் வைத்தியப் பட்டம் பெற்றபோது அவர் சமர்ப்பித்த ஆய்வும் சாயங்களைப் பற்றியதே.

அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி எளிமையானது. ஒரு சாயத்தை உடலின் ஒரு துணுக்கில் ஊற்றினால் அது எல்லாவற்றையும் ஒரேமாதிரி நிறமூட்டுவதில்லை. ஒரு வகை உயிர்க்கலத்தைப் பற்றிக்கொண்டு அடுத்ததைத் தொடாமல் விடுகிறது. அப்படியாயின் அந்தச் சாயத்துக்கும் அந்தக் கலத்துக்கும் இடையே ஏதோ ஓர் இரசாயன உறவு இருக்கவேண்டும். நோய்க்கிருமியை மாத்திரம் பற்றிக்கொண்டு மனித உடலைத் தொடாமல் விடும் ஒரு நஞ்சை ஆக்க முடியுமானால்? இந்த எண்ணத்துக்குப் பின்னாளில் மந்திரத் தோட்டா என்ற பெயர் நிலைத்தது. ஏர்லிக்கின் நாற்பதாண்டு உழைப்பும் இந்த ஒரே கேள்வியைச் சுற்றியே நிகழ்ந்தது என்று சொன்னாலும் பெரும் பிழை இல்லை.

பெர்லினில் சரித்தே வைத்தியசாலையிற் பணி. 1882 இல் ரொபேர்ட் கொஹ் சயரோகக் கிருமியைக் கண்டதாக அறிவித்த கூட்டத்தில் ஏர்லிக்கும் இருந்தார். அந்தக் கிருமிக்கு நிறமூட்டும் முறையை உடனடியாகத் திருத்தி அமைத்தும் கொடுத்தார். அடுத்த ஆண்டில் ஹெட்விக் பிங்கஸ் என்பவரை மணந்தார். இரண்டு பெண் குழந்தைகள். பின்னர் அவருக்கே சயரோகம் தொற்ற, உலர்ந்த காற்றைத் தேடி எகிப்தில் ஏறத்தாழ ஈராண்டு வாழ நேர்ந்தது. திரும்பி வந்தபோது வேலை இல்லை. கொஹ் தம் நிறுவனத்தில் இடம் கொடுத்தார். தொண்டைக்கரப்பான் நோய்க்கு எதிரான சீரத்தை அளந்து தரப்படுத்தும் முறையை அங்கேதான் வகுத்தார். 1899 இல் பிராங்பேர்ட் நகரில் அவருக்கெனத் தனி ஆய்வு நிறுவனம் அமைந்தது. 1908 இல், நோயெதிர்ப்புப் பற்றிய ஆய்வுக்காக, ரஷ்யரான மெச்னிகோவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஞானஸ்நானம் பெறாத யூதராகவே வாழ்ந்த அவர் பல்கலைக்கழகமொன்றில் முழுப் பேராசிரியரானது 1914 இல், பிராங்பேர்ட் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கியபோதுதான். நோபல் பரிசு கிடைத்து ஆறு ஆண்டுகள் கழிந்த பின்பு! பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துப் பழகிய நமக்கு, நியமனங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன என்பதில் அதிகம் வியப்பில்லை.

அவரைப் பற்றிப் பல கதைகள் உண்டு. ஒரு நாளைக்கு இருபத்தைந்து சுருட்டுக்கள். சுருட்டுப்பெட்டி எப்போதும் கைக்கிடையில். உணவில் நாட்டமில்லை. அறை முழுவதும் சஞ்சிகைகளும் காகிதங்களும் குவிந்து, வருபவர் அமர நாற்காலி இராது; அவற்றை எவரும் தொடவும் கூடாது. காலையில் ஒவ்வோர் உதவியாளருக்கும் அன்று செய்யவேண்டியதைச் சிறு நிறத் தாள்களில் எழுதிக் கொடுப்பார். துப்பறியும் கதைகள் என்றால் உயிர். இத்தனை ஒழுங்கீனத்துக்குள் இரசாயனத்தில் மட்டும் ஓர் அணுவும் பிசகுவதில்லை.

இனி, நோயைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சிபிலிஸை உண்டாக்குவது திருகுபோற் சுருண்ட, மிக மெல்லிய ஒரு கிருமி. 1905 ஆம் ஆண்டிற் பெர்லினில் ஷவுடின், ஹொப்மன் என்ற இருவர் அதைக் கண்டனர். அதே ஆண்டில், கொழும்பிற் பணியாற்றிக்கொண்டிருந்த இத்தாலிய வைத்தியர் கஸ்தெல்லானி, இலங்கையில் பறங்கி என்றே அழைக்கப்பட்ட வேறொரு தோல்நோய்க்கும் இதன் நெருங்கிய உறவான கிருமியே காரணம் என்று கண்டார். அந்தப் பறங்கி உடலுறவால் வருவதன்று; வறிய கிராமத்துப் பிள்ளைகளிடையே தோலோடு தோல் பட்டுத் தொற்றுவது. இரண்டு நோய்களுக்கும் ஒரே பெயர் வழங்கியதால் எத்தனை பிள்ளைகள் செய்யாத குற்றத்துக்குக் கூனிக்குறுகினரோ அறியோம்.

சிபிலிஸ் பெரும்பாலும் உடலுறவினால், வாய்வழி உறவு உட்பட, பரவுகிறது. கிருமி புகுந்து ஏறத்தாழ மூன்று வாரங்களில், சிலருக்குப் பத்து நாட்களில், சிலருக்கு மூன்று மாதத்தில், புகுந்த இடத்தில் ஒரு புண் தோன்றும். பிறப்புறுப்பிலோ குதத்திலோ வாயிலோ அது இருக்கலாம். அதன் அடி கடினமாயிருக்கும், வலி இராது. வலி இல்லாததே அதன் சூழ்ச்சி. பெண்களுக்கு அது உள்ளே இருந்தால் கண்ணிற் படுவதே இல்லை. சில வாரங்களில் மருந்தின்றியே ஆறிவிடும். ஆறிவிட்டதென்று ஆறுதல் அடைகிறார்கள். கிருமியோ இரத்தத்தில் இருக்கிறது. சில வாரங்களோ மாதங்களோ கழித்துக் காய்ச்சல், தொண்டை நோ, திட்டுத்திட்டாக முடியுதிர்தல், உடலிற் செந்நிறத் தடிப்புக்கள் தோன்றலாம். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு வருவது இந்நோயின் முக்கிய அடையாளம். அதில் பொதுவாக அரிப்பு இராது. அதுவும் தானாகவே மறையும். அதன் பின் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் இராது. சிகிச்சை பெறாதவர்களுள் ஒரு பகுதியினருக்குப் பத்து, இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வீங்கும், மூளை பழுதுபடும், நடை தள்ளாடும், சித்தம் கலங்கும். கண்ணையும் நரம்பையும் அது எந்தக் கட்டத்திலும் தாக்கலாம். கருவுற்ற தாயிடமிருந்து சிசுவுக்குச் சென்றால் கரு கலையலாம், குழந்தை இறந்து பிறக்கலாம், பிறந்த பின் குறைகளோடு வாழலாம்.

அக்காலத்தில் இதற்கு இருந்த சிகிச்சை பாதரசம். களிம்பாகத் தேய்த்தனர், புகையாகப் பிடித்தனர், மாத்திரையாக விழுங்கினர். எச்சில் வழிந்துகொண்டே இருக்கும், ஈறு புண்ணாகும், பல் உதிரும். மருந்தால் மாண்டவர் எத்தனை பேர், நோயால் மாண்டவர் எத்தனை பேர் என்று பிரித்தறிவது கடினம்.

ஏர்லிக் வேறொரு நஞ்சைக் கையிலெடுத்தார். அட்டொக்சில் என்ற ஆர்சனிக் சேர்வை ஆபிரிக்காவின் தூக்க நோய்க்குக் கொடுக்கப்பட்டுவந்தது. அது கிருமியைக் கொன்றது. கூடவே சிலரின் பார்வையையும் பறித்தது. அதன் இரசாயன அமைப்பைச் சரியாக அறிந்தால், அங்கொன்றும் இங்கொன்றுமாக மாற்றி, மனிதனை விட்டுக் கிருமியை மட்டும் தாக்கும் வடிவத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று ஏர்லிக் கருதினார். வங்கியாளரொருவரின் மனைவியான பிரான்சிஸ்கா ஸ்பையர் அம்மையார் கணவரின் நினைவாகக் கொடுத்த பணத்தில் 1906 இல் எழுந்த கட்டடத்தில் இவ்வேலை தொடங்கிற்று. அல்பிரட் பேர்த்தைம் என்ற இரசாயனவியலாளர் சேர்வைகளை ஒவ்வொன்றாக ஆக்கிக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்.

அறுநூற்றாறு என்ற எண்ணுடைய மஞ்சள் நிறத் தூள் 1907 இலேயே ஆக்கப்பட்டுவிட்டது. சோதித்த உதவியாளர் பயனற்றது என்று ஒதுக்கிவைத்தார். அது அலுமாரியிற் கிடந்தது. 1909 இல் தோக்கியோவிலிருந்து, கிட்டசாட்டோவின் நிறுவனத்திலிருந்து, சஹாசிரோ ஹாட்டா என்ற வைத்தியர் பிராங்பேர்ட் வந்தார். முயல்களுக்கு சிபிலிஸ் தொற்றச்செய்து ஆய்வது எப்படி என்பதை அவர் அறிந்திருந்தார். மொழியும் உணவும் அந்நியமான ஊரில், பிறர் பயனற்றவை என்று தள்ளிய சேர்வைகளையும் சேர்த்து, பொறுமையாக ஒன்றன்பின் ஒன்றாக மறுபடியும் சோதித்தார். ஆகஸ்ட் மாத இறுதியில் 606 இன் முறை வந்தது. புண்ணுள்ள முயலுக்கு ஊசி ஏற்றினார்கள். மறுநாட் பார்த்தபோது புண்ணில் உயிருள்ள கிருமி இல்லை. சில வாரங்களில் புண் ஆறிற்று. ஏர்லிக்கின் பெயரைச் சொல்லும்போது ஹாட்டாவின் பெயரை விட்டுவிடுவது உலக வழக்கமாகிவிட்டது. ஏர்லிக் அவ்வாறு செய்யவில்லை. கண்டுபிடிப்பைப் பற்றிய நூலில் இருவர் பெயரும் இருந்தன.

1910 ஏப்பிரலில் வீஸ்பாடனில் நடந்த வைத்தியர் மாநாட்டில் செய்தி வெளியானது. அன்றிலிருந்து ஏர்லிக்குக்கு அமைதி போயிற்று. உலகெங்குமிருந்து கடிதங்கள், வாசலில் வைத்தியர்கள், நோயாளிகள். விற்பனைக்கு விடுமுன் ஏறத்தாழ 65,000 அளவு மருந்தை வைத்தியர்களுக்கு இலவசமாகக் கொடுத்து, விளைவை எழுதி அனுப்பும்படி கேட்டார். ஆண்டின் இறுதியில் ஹோக்ஸ்ட் தொழிற்சாலை அதை சல்வர்சான் என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. காக்கும் ஆர்சனிக் என்பது அதன் பொருள்.

அதிசய மருந்துதான், ஆனால் முரட்டு மருந்து. காற்றுப்பட்டால் கெட்டு, நச்சுத்தன்மை கூடும். ஆகவே காற்றகற்றிய கண்ணாடிக் குப்பியில் அடைத்து, உடைத்தவுடன் தூய நீரிற் கரைத்து, காரம் சேர்த்து உடனே ஏற்றவேண்டும். தசையில் ஏற்றினால் தாங்கொணா வலி. இடம் அழுகுவதும் உண்டு. நாளத்தில் ஏற்றுவதோ அன்று பல வைத்தியர்களுக்குப் பழக்கமில்லாத வேலை. தவறு நடந்தது. சிலர் செவிப்புலன் இழந்தனர், சிலர் இறந்தனர். ஒவ்வோர் இறப்பையும் ஏர்லிக் தம் கையால் ஆராய்ந்தார். 1912 இல் கரைப்பதற்கு எளிதான நியோசல்வர்சான் வந்தது.

எதிர்ப்புப் பல திசைகளிலிருந்து வந்தது. இந்நோய் பாவத்துக்கு இறைவன் விதித்த தண்டனை, அதைக் குணமாக்குவது ஒழுக்கக்கேட்டை வளர்க்கும் என்றனர் சிலர். யூதன் பணம் பண்ணுகிறான் என்றனர் வேறு சிலர். இவற்றுக்குப் பதில் சொல்வது எளிது. ஆனால் பதில் சொல்ல எளிதல்லாத ஒரு குற்றச்சாட்டும் இருந்தது. அதைப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நாம் ஒளித்துவிட்டுப் போக முடியாது.

பிராங்பேர்ட்டில் சிறு பத்திரிகையொன்றை நடத்திய கார்ல் வாஸ்மன் என்பவர், நகர வைத்தியசாலையில் பொலிசாரால் அடைத்துவைக்கப்பட்ட விலைமாதர் மீது அவர்களுடைய விருப்பமின்றி இம்மருந்து ஏற்றப்படுவதாக எழுதினார். அவர் கிறுக்கர், மிகைப்படுத்துபவர் என்பது பலரின் கருத்து. தோல்நோய்ப் பிரிவின் தலைவரான பேராசிரியர் கார்ல் ஹெர்க்ஸ்ஹைமர் வழக்குத் தொடர்ந்தார். 1914 ஜூன் மாதத்தில் விசாரணை. ஏர்லிக் சாட்சியம் அளித்தார். வாஸ்மனுக்கு ஓராண்டுச் சிறை. மருந்து வென்றது. ஆனால் பூட்டிய அறையில் இருக்கும் ஒரு பெண், வேண்டாம் என்று சொன்னால் அந்தச் சொல்லுக்கு அங்கே என்ன பெறுமதி இருந்திருக்கும் என்ற கேள்வியை அந்தத் தீர்ப்புத் தீர்த்துவைக்கவில்லை.

இக்கேள்வி அன்று புதிதன்று. ஏர்லிக்கின் பள்ளித் தோழர் நைஸரை இங்கு நினைவுகூர வேண்டும். 1879 இல், இருபத்துநான்கு வயதில், வெட்டை நோய் எனப்படும் கொனோரியாவின் கிருமியைக் கண்டவர் அவர். அந்நோயில் ஆண்களுக்குச் சீழ் வடியும், சிறுநீர் கழிக்கும்போது எரியும். பெண்கள் பலருக்கு ஒன்றுமே தெரியாது, ஆனால் கருப்பையிலும் குழாய்களிலும் அழற்சி ஏறி மலட்டுத்தன்மை வரலாம். இத்தனை பெரிய கண்டுபிடிப்பைச் செய்த அதே மனிதர், 1892 இல் சிபிலிஸ் நோயாளிகளின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை இளம் விலைமாதருக்கும் வேறு காரணங்களுக்காக வைத்தியசாலைக்கு வந்தவர்களுக்கும் அவர்களிடம் கேளாமலே ஊசியால் ஏற்றினார். அவர்களுட் சிலர் நோயாளிகளாயினர். செய்தி வெளியே வந்து பெரும் கிளர்ச்சியாகி, 1900 இல் அவருக்கு 300 மார்க் தண்டம் விதிக்கப்பட்டது. அதே ஆண்டின் இறுதியில், நோயாளிக்கு விளக்கிச் சொல்லி அவரது சம்மதம் பெறாமல் இத்தகைய சோதனைகள் செய்யலாகாது என்று பிரஷ்ய அரசு சுற்றறிக்கை விடுத்தது. இன்று நம்மிடம் வைத்தியசாலையிற் கையொப்பம் கேட்டு நீட்டப்படும் தாளின் பழைய வேர்களுள் ஒன்று அந்தப் பெயரறியாப் பெண்களின் உடலில் இருக்கிறது.

ஆகவே இந்நோயின் வரலாற்றில் இரண்டு கேடுகளைக் காண்கிறோம். ஒன்று அதிகாரம் வற்புறுத்துவது. மற்றது நாமாகவே மறைப்பது. முதலாவதற்கு அஞ்சியே பலர் இரண்டாவதில் விழுகின்றனர்.

இவ்விடத்தில் நமது தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். அகதி விடுதியில் நாம் வாழ்ந்த காலத்தில், படித்தவர் என்ற எண்ணத்தில் பலரும் நம்மிடம் கடிதம் வாசிக்கவும் வைத்தியரிடம் துணைக்கு வரவும் கேட்பார்கள். உணவகமொன்றிற் கோப்பை கழுவும் வேலை செய்த ஒரு தம்பி, உள்ளங்கையிற் செந்தடிப்பு வந்திருப்பதைக் காட்டினார். அரிப்பு இல்லை என்றார். சவர்க்கார நீர் ஒத்துக்கொள்ளவில்லைப் போலும் என்று நாம் சொன்னோம். மருந்துக்கடையிற் களிம்பு வாங்கிப் பூசினார். சில வாரங்களில் மாறிவிட்டது. நமது வைத்தியம் பலித்ததென்று நாமும் மகிழ்ந்தோம். இரண்டு ஆண்டுகள் கழித்து ஊரிலிருந்து மனைவி வந்து சேர்ந்தார். கருவுற்றார். கர்ப்பவதிகளுக்கு வழமையாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையின் முடிவு கடிதமாக வந்தது. வாசித்துச் சொல்லும்படி அந்தக் கடிதத்தை நம்மிடமே கொண்டுவந்தார். வாசித்தோம், வாய்விட்டுச் சொல்ல நா எழவில்லை. வைத்தியரிடம் இருவரும் உடனே செல்லவேண்டும் என்று மட்டும் சொன்னோம். சென்றார்கள். மருந்து ஏற்றப்பட்டது. பிள்ளை நலமாகப் பிறந்தது. ஆனால் அவர் நெடுநாள் நம்மைக் கண்டால் மறுபுறம் திரும்பிப் போனார். நாமும் அழைக்கவில்லை.

அந்தத் தம்பிக்கு அன்று நாம் சொல்லியிருக்கவேண்டியவற்றை இங்கு எழுதுகிறோம். உள்ளங்கைத் தடிப்பு, வலியில்லாப் புண், சீழ், எரிவு, அடிவயிற்று நோ ஆகியவற்றில் எது வந்தாலும் களிம்பு தேடாமல் வைத்தியரிடம் செல்லவேண்டும். சிபிலிஸுக்கு இரத்தப் பரிசோதனை உண்டு. தொற்றியவுடன் செய்தால் காட்டாமல் விடலாம், ஆகவே சில வாரங்களின் பின் மறுபடி செய்யச் சொல்வார்கள். கொனோரியாவுக்கும், குறிகள் காட்டாமல் பரவும் கிளமிடியாவுக்கும் சிறுநீரிலோ பஞ்சினால் எடுக்கும் மாதிரியிலோ பரிசோதிப்பார்கள். சிபிலிஸுக்கு இன்று கொடுப்பது பெனிசிலின். 1943 இல் அமெரிக்காவில் மஹோனி என்ற வைத்தியர் நான்கு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபின் சல்வர்சானின் காலம் முடிவுக்கு வந்தது. ஆரம்ப நிலையாயின் நெடுநேரம் நின்று வேலைசெய்யும் பெனிசிலின் ஒருமுறை தசையில் ஏற்றப்படும். நாட்பட்டதாயின் வாரமொன்றாக மூன்று வாரம். நரம்பையோ கண்ணையோ தாக்கியிருந்தால் வேறு முறை. முதல் ஊசிக்குச் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் வரலாம். கிருமிகள் மடிவதால் வருவது அது. ஒரு நாளில் அடங்கும். அதன் பெயரில் ஒரு பகுதி, மேலே வழக்குத் தொடர்ந்த அதே ஹெர்க்ஸ்ஹைமரின் பெயர். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். கொனோரியாக் கிருமியோ பல மருந்துகளுக்குப் பணியாத வல்லமை பெற்றுவருகிறது; ஊரிலிருந்து வந்த மாத்திரையைத் தாமே விழுங்குவதால் அந்த வல்லமைக்கே உரமிடுகிறோம். கணவனோ மனைவியோ ஒருவர் மட்டும் மருந்தெடுத்தால் மற்றவரிடமிருந்து நோய் திரும்பி வரும். ஆணுறை இவற்றைப் பெருமளவு தடுக்கும், முற்றாக அன்று.

இனி அச்சம். ஜேர்மனியில் 2001 முதல் நடைமுறையில் இருக்கும் தொற்றுநோய்ச் சட்டம், சுகாதார அலுவலகங்களில் பெயர் சொல்லாமலே ஆலோசனையும் பரிசோதனையும் பெற வழி செய்கிறது. சிபிலிஸ் கண்டறியப்பட்டால் மத்திய நிறுவனத்துக்கு அறிவிப்பார்கள். நோயாளியின் பெயரை அன்று. இங்கிலாந்தில் பாலியல் நோய்களுக்கான பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் விசா நிலை எதுவாயினும் கட்டணம் இல்லை. அகதி அந்தஸ்து, ஊரில் துன்புறுத்தலுக்கு அஞ்ச ஒருவருக்குத் தகுந்த காரணம் உண்டா என்பதை வைத்தே தீர்மானிக்கப்படுகிறது, இந்நோயை வைத்தன்று. மொழிபெயர்க்க வருபவர் நம்மூரவர் என்பதால் வாய் திறக்கத் தயங்குபவர், வேறொருவரையோ தொலைபேசி வழி மொழிபெயர்ப்பையோ கேட்கலாம். படித்த அண்ணனைத்தான் அழைத்துச் செல்லவேண்டும் என்பதில்லை. அந்த அண்ணன்மாருள் ஒருவராகவே இதைச் சொல்கிறோம்.

இது பழங்கதை என்று எண்ணுபவருக்கு ஒரு கணக்கு: 2022 ஆம் ஆண்டில் மாத்திரம் 15 முதல் 49 வயது வரையானவர்களுள் ஏறத்தாழ 80 இலட்சம் பேருக்குப் புதிதாக சிபிலிஸ் தொற்றியதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதே நிறுவனம் 2019 இல், தாயிடமிருந்து பிள்ளைக்கு சிபிலிஸ் தொற்றுவதை ஒழித்த நாடாக இலங்கையை அங்கீகரித்தது. நமக்கு அந்த அரசோடு எத்தனையோ கணக்குகள் தீராமல் இருக்கின்றன. ஆயினும் கிராமம் கிராமமாகக் கர்ப்பவதிகளைத் தேடிச் சென்ற மருத்துவமாதர் செய்த வேலையை மறைப்பது நேர்மையாகாது.

ஏர்லிக்கின் முடிவுக்கு வருவோம். வழக்கு முடிந்து இரண்டு மாதத்தில் முதலாம் உலகப் போர் மூண்டது. பேர்த்தைம் படையிற் சேர்ந்த சில நாட்களிலேயே, சீருடையின் குதிமுள் தடக்கி மாடிப்படியில் விழுந்து இறந்தார். வெளிநாட்டு ஆய்வாளர்களோடு ஏர்லிக் வைத்திருந்த தொடர்புகள் அறுந்தன. உடல் ஏற்கெனவே தளர்ந்திருந்தது. 1915 ஆகஸ்ட் 20 ஆம் நாள், பாட் ஹொம்பேர்க்கில் ஓய்வெடுக்கச் சென்ற இடத்தில், அறுபத்தொரு வயதில் மாரடைப்பால் காலமானார். பிராங்பேர்ட்டின் யூத மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் வேலை செய்த இடத்தருகே ஒரு வீதிக்கு அவர் பெயர் இடப்பட்டிருந்தது. நாஜிகள் அந்தப் பெயரை நீக்கினர். மனைவி ஹெட்விக் முதுமையில் நாட்டை விட்டு வெளியேறி, சுவிற்சர்லாந்துக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் அகதியாகச் சென்றார். ஹெர்க்ஸ்ஹைமர் பிராங்பேர்ட்டை விட்டுப் போகவில்லை. 1942 இல், எண்பத்தொரு வயதில், தெரேசியன்ஸ்டாட் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டு அவ்வாண்டிலேயே அங்கு இறந்தார். அவர்கள் குணமாக்கிய நோயாளிகளுள் எத்தனை பேர் அன்று அந்த அரசின் சீருடையை அணிந்திருந்தனர் என்பதற்குக் கணக்கில்லை.

1940 இல் அமெரிக்காவில் ஏர்லிக்கின் வாழ்க்கை திரைப்படமாயிற்று. அவராக நடித்த எட்வேர்ட் ரொபின்சன், ருமேனியாவிலிருந்து சிறுவனாக வந்த யூதர்.

போர் முடிந்தபின் வீதிக்குப் பழைய பெயர் திரும்பியது. பிராங்பேர்ட்டின் பல்கலைக்கழக வைத்தியசாலைக்குச் செல்பவர்கள் இன்று அதைக் காணலாம். தடுப்பூசிகளைத் தரம் பார்க்கும் அரச நிறுவனம் லாங்கன் நகரில் அவர் பெயரிலேயே இயங்குகிறது. இருநூறு மார்க் தாளைப் பத்திரமாக வைத்திருந்த நமது நண்பருக்கு இக்கதை முழுவதையும் சொன்னோம். அவர் தாளை எடுத்து வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். அந்தத் தாள் இன்றும் செல்லாக்காசு அன்று. எவரேனும் வைத்திருந்தால் ஜேர்மன் மத்திய வங்கி 102 யூரோவும் 26 சதமும் கொடுத்து மாற்றிக்கொள்ளும். காலக்கெடு எதுவும் இல்லை. நண்பர் மாற்றப் போவதில்லை என்றார்.